ஓடாத டயர்கள்

ஏப்ரல் 23, சனி

காலையில் உறைநிலைக்கு இரண்டு டிகிரி கீழே, மதியம் ஏழு மேலே. ஏரி ஓரத்தில் பனி கறுக்க ஆரம்பித்துவிட்டது. என் வீட்டுக்காரர் வெய்யோ இன்று டயர் மாற்றினார்.

கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், இதே சடங்குதான். பனியில் வழுக்காமல் இருக்க இரும்பு ஆணி பதித்த குளிர்கால டயர்களை ஜாக்கி வைத்துக் கழற்றுவது, உப்பும் மணலும் போகக் கழுவுவது, நிழலில் காய வைப்பது, டயர் மேற்பரப்பின் பட்டன் வெட்டுகளுக்கு நடுவே சிக்கிய கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பது. எந்தச் சக்கரம் எந்த மூலையில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி, விறகுக் கொட்டகைச் சுவரில் கொக்கியில் மாட்டுவது. ரிம்மோடு இருந்தால் தொங்கவிடலாம். ரிம் இல்லாத வெறும் டயரைத் தொங்கவிட்டால் கோணிக்கொள்ளும். அதை நிற்க வைத்து, மாதம் ஒரு தடவை கொஞ்சம் உருட்டித் திருப்ப வேண்டும். வெயில் படக்கூடாது, சூடு படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது, மோட்டார் ஓடுகிற இடத்தில் வைக்கவே கூடாது. எனக்கு எதற்கு இதெல்லாம்? பள்ளிக்கூடச் சமையலறையில் பட்டாணி சூப் காய்ச்சிக் காலம் தள்ளியவள் நான். ஆனாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். அத்தனை தடவை கேட்டாயிற்று.

எல்லாம் முடிந்ததும் கொட்டகையின் வடக்கு மூலைக்குப் போனார். அங்கே கறுப்புப் பை சுற்றி நாலு டயர் நிற்கிறது. எங்கள் மகன் யோவுனிக்காக வாங்கியவை. ஒரு அடி கூட ஓடாதவை. பையைப் பிரித்தார், துணியால் துடைத்தார், கால் வட்டம் திருப்பினார், மறுபடி பையைக் கட்டினார். புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் மயிர் நீட்டிக்கொண்டிருக்குமே, அது கூட உதிராமல் துடைக்கிறார்.

நான் சமையலறைச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகனை மண்ணுக்குள் வைத்துவிட்டு மகனுடைய டயரைத் துடைக்கிறாரே மனுஷன்.

ஏப்ரல் 24

நேற்று எழுதி மூடிய பிறகும் மனசு ஆறவில்லை. ஒரு தடவை முழுசாக எழுதிவிட்டால் தொலையுமோ என்று பார்க்கிறேன்.

போன நவம்பர் ஏழாம் தேதி, சனிக்கிழமை. மத்தியானம் யோவுனி வந்தான். அவன் காரில் பழைய ஆணி டயர், ஆணி பாதி உதிர்ந்துபோனது. புதுசை இவர் கோடையிலேயே வாங்கிக் கொட்டகையில் வைத்திருந்தார். “ஓஸ்மோ கடை ரெண்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும். ரிம்ல ஏத்தி மாட்டிக்கிட்டு வந்துடுடா, அப்புறம் சவுனாவுக்குப் போலாம்” என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

இவர் சன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார்.

“எதுக்குடா அவசரம்? ரோடு வெறும் தாரா கெடக்கு. புது ஆணியை இப்பவே தார்ல தேச்சு எறியணுமா? பழசு இன்னும் ஒரு மாசம் ஓடும். டிசம்பர்ல ரோடு கெட்டியா உறையட்டும், அப்ப மாட்டு. அஞ்சாறு குளிர்காலம் தாங்கும்.”

“அம்மா சொல்றாளேப்பா.”

“உங்கம்மா பாதிரியார் கட்சி.”

எங்கள் ஊர்ப் பாதிரியார் மரத்தில் இலை கொட்டும் முன்பே ஆணி டயர் மாட்டிக்கொண்டு காய்ந்த ரோட்டில் கரகரவென்று போவார். “சொர்க்கத்துக்குப் போக இவ்வளவு பயப்படற பாதிரியை நான் பாத்ததே இல்ல” என்று வெய்யோ வருஷா வருஷம் சொல்வார். அன்றைக்கும் சொன்னார். யோவுனி சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சவுனாவில் நீராவிக் குளியல், சுட்ட தொத்திறைச்சி, காப்பி, ஏலக்காய் பன். பேசிக்கொண்டிருந்ததில் இருட்டிவிட்டது. மேகம் விலகி நட்சத்திரம் தெரிந்தது. மேகம் விலகினால் ரோடு உறைவதற்கு முன்னாலேயே பாலம் உறையும். இது இவருக்குத் தெரியாதா? வேலை பார்த்த காலமெல்லாம் இதே ரோட்டில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். ஊருக்கே சொன்னவர்.

ஏரிப் பாலத்தின் இரண்டு முனையிலும் இரும்புப் பட்டை இருக்கிறது. வண்டி ஏறும்போது ஒரு டொக், இறங்கும்போது ஒரு டொக். எங்கள் சமையலறையில் நின்றால் இரண்டும் கேட்கும். அன்றைக்கு யோவுனி கிளம்பிப் போனதும் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு டொக் கேட்டது.

அந்தக் கோப்பையைத் துடைத்து வைத்தேன். அடுத்ததையும் கழுவினேன்.

விபத்தில் யார் மேலும் தப்பு இல்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தது. வேகம் இல்லை, குடி இல்லை, டயர் சட்டப்படி சரி. வெய்யோ அதைப் படித்தார், மடித்து வைத்தார். அதற்கப்புறம் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ சொன்னாய், நான் கேட்கவில்லை — இதை அவர் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் எனக்கு. கேட்டுவிட்டுச் செத்தால் கூடப் போதும்.

மே 1

முதல் தேதி. டயரைத் திருப்பினார்.

ஜூன் 25

நடுக்கோடைப் பண்டிகை. விர்வே வந்திருந்தாள். இப்போது எங்களுக்கு இருக்கிற ஒரே பிள்ளை. வீடு வீடாகப் போய்க் கிழங்கட்டைகளுக்கு மருந்து கொடுத்து, கட்டுப் போட்டுவிடுகிற செவிலி வேலை. நாள் முழுக்கக் காரில்தான் இருக்கிறாள். அண்ணனும் தங்கையுமாகப் போய் ஒரே மாதிரிக் கார் வாங்கினார்கள், இவளுடையது சிவப்பு.

ஏரிக்கரையில் வெய்யோ மீன் சுட்டுக்கொண்டிருந்தார். நல்ல நேரம் என்று நினைத்திருப்பாள் போல.

“அப்பா, கொட்டகையில இருக்கிற டயர் என் காருக்குச் சரியா இருக்கும்.”

“இருக்கும்.”

“அப்ப குடேன்.”

“அது உன்னுது இல்ல.”

“அண்ணனுக்கு இனிமே டயர் எதுக்குப்பா?”

வெய்யோ மீனைத் திருப்பிப் போட்டார். ஒரு பக்கம் கருகிவிட்டது. கரண்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். விர்வே என்னைப் பார்த்தாள்.

“அம்மா, நீயாவது சொல்லேன்.”

“நான் சொல்லி இந்த வீட்ல எது நடந்திருக்கு?”

பாவம், அவளிடம் காட்டி என்ன பயன். கருகாத பக்கத்தை அவளுக்குப் போட்டேன்.

படுக்கப் போகும்போது அவரிடம் கேட்டேன், அந்த டயர் எத்தனை காலம் கெடாமல் இருக்கும் என்று. டயர் விஷயம் கேட்டால் மட்டும் பதில் வரும். “ஒழுங்கா வெச்சா பத்து வருஷம்” என்றார். கோடை ராத்திரி, வெளிச்சம் மங்கவே இல்லை. திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். பத்து வருஷம்.

செப்டம்பர் 1

திருப்பினார். நான் காட்டில் சிவப்புப் பழம் பொறுக்கினேன். இரண்டு வாளி. ஜாம் போட்டு யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தெரியவில்லை, ஆனாலும் போட்டேன்.

அக்டோபர் 9

பாதிரியார் கார் கரகரவென்று போயிற்று. வெய்யோ முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடாரியை இறக்கி, அது பாலம் தாண்டுகிற வரை கேட்டுக்கொண்டு நின்றார். அந்தச் சொர்க்கப் பேச்சு இந்த வருஷம் வரவில்லை. பிறகு கொட்டகைக்குள் போனார். முதல் தேதி திருப்பியாயிற்று, இப்போது என்ன வேலை அங்கே?

நவம்பர் 5

கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும் நாள். ஊரே வந்திருந்தது. பனிமேல் வரிசை வரிசையாக வெளிச்சம். பாதிரியார் வந்து வெய்யோவின் தோளில் கை வைத்தார். வெய்யோ நகரவில்லை, ஆனால் அவர் தாடை ஆடுவதை நான் பார்த்தேன். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நவம்பர் 7

ஒரு வருஷம். இப்போதெல்லாம் கோப்பை கழுவும்போது குழாயை அகலமாகத் திறந்து வைக்கிறேன். வெளிச் சத்தம் கேட்காது.

ஜனவரி 5

உறைநிலைக்கு முப்பத்துநாலு கீழே. மூக்கு மயிர் உறைகிற குளிர். விறகு எடுக்கப் போனவர் வரவே இல்லை. போய்ப் பார்த்தால் கொட்டகையில், அந்த டயர்களுக்குப் பக்கத்தில், ஒரு கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறார். கையுறை இல்லை. பை ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்த ரப்பர் மயிரை விரலால் தடவிக்கொண்டு.

“என்ன பண்றே?”

“சும்மா.”

“உள்ள வா. செத்துப்போவே.”

“ரப்பருக்குக் குளிர் ஒண்ணும் பண்ணாது. சூடுதான் ஆகாது.”

நான் உன்னைச் சொன்னேன் வெய்யோ, ரப்பரைச் சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். விரல் வெள்ளையாக இருந்தது.

ஜனவரி 9

நிமோனியா. ஆம்புலன்ஸ் வந்து கயானி நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டது. விர்வே கூடப் போனாள். இரண்டு நுரையீரலும் என்று போனில் சொன்னாள். பனியில் ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு டொக்.

ஜனவரி 11

செஞ்சுட்டேன்.

விறகெடுக்கத்தான் போனேன். அவர் இல்லாததால் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்கு நான்தான் விறகு போட வேண்டியிருக்கிறது. அது அணைந்தால் தண்ணீர் உறைந்து வீட்டுக் குழாயெல்லாம் வெடித்துவிடும். கூடையை நிரப்பிக்கொண்டு நிமிர்ந்தால் அந்த நாலும் நிற்கிறது. பை கட்டிக்கொண்டு, ஜம்மென்று, ஒரு குறையும் இல்லாமல். யோவுனி இல்லை. இவர் அங்கே குழாய் செருகிக்கொண்டு கிடக்கிறார். இதுங்களுக்கு மட்டும் பத்து வருஷம். அவர் போனாலும் நிக்கும், நான் போனாலும் நிக்கும். விர்வே வந்து முதல் தேதி முதல் தேதி திருப்பிக்கிட்டிருப்பாளா?

ஒவ்வொன்றாக உருட்டினேன். பனியில் நாலு தடம். கொதிகலன் அறைப் படியில் இறக்கும்போது ஒன்று கை நழுவி ஓடிப்போய் இரும்பில் மோதியது. அதுதான் அது ஓடிய முதல் ஓட்டம். பையெல்லாம் கிழித்து எடுத்தேன். நாலையும் கொதிகலனை ஒட்டிச் சாய்த்து வைத்துவிட்டு, அடுப்பு வாய் கொள்ளாமல் விறகு திணித்தேன்.

சூடு படக்கூடாதாம். படட்டும்.

ஜனவரி 13

அறை முழுக்க ரப்பர் நாற்றம், மேலே சமையலறை வரைக்கும். சன்னலைத் திறக்க முடியாத குளிர். அந்த நாற்றத்தோடேயே கஞ்சி குடித்தேன். இரண்டு ராத்திரியாக நன்றாகத் தூங்குகிறேன், வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 24

நாளைக்கு வெய்யோவை அனுப்புகிறார்களாம். பிழைத்துவிட்டார். போனை வைத்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன், அப்படி அழுவேன் என்று நானே நினைக்கவில்லை.

அப்புறம்தான் பயம் வந்தது. டயர்களைக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். இரும்பில் படாத இடமெல்லாம் பார்க்க அப்படியேதான் இருக்கிறது. பட்டன் அப்படியே, ஆணி அப்படியே, மயிர் கூட அப்படியே. சாய்த்து வைத்த பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு மினுமினுப்பு. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். குளிர்கால ரப்பர் மெத்தென்று உள்வாங்கும் என்பார். உள்வாங்கவில்லை. செருப்பு அடிப்பாகம் மாதிரிக் கெட்டியாக இருந்தது.

புதுப் பை சுற்றி, மினுமினுப்பு சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி, பழைய இடத்திலேயே நிற்க வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 1

அவரால் இன்னும் முற்றத்துக்குப் போக முடியவில்லை. நாலு படி ஏறினால் இரைக்கிறது. காலையில் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதற்கென்று எனக்குத் தெரியாதா?

“நான் திருப்பிட்டேன்” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நவம்பருக்கப்புறம் தானாக என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

“நல்ல வேலை பண்ணின இர்யா.”

பிப்ரவரி 28

நோன்புக்கு முந்தின செவ்வாய். பட்டாணி சூப்பும் கிரீம் பன்னும் செய்திருந்தேன். விர்வே இருட்டின பிறகுதான் வந்தாள், முட்டி வரை பனி. கார் வழுக்கி ரோட்டோரப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது, யாரோ டிராக்டர்காரன் இழுத்துவிட்டானாம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கோட்டைக் கழற்றாமலேயே மேசையில் உட்கார்ந்தாள்.

வெய்யோ எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு, இரைக்க இரைக்க வெளியே போய் அவள் காருக்குப் பக்கத்தில் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

“மொட்டையா இருக்கு.”

“இந்தக் குளிர்காலம் மட்டும் ஓட்டிட்டு மாத்திடலாம்னு இருந்தேன்ப்பா.”

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று மூன்று பேருக்கும் தெரியும். யாரும் சூப்பைத் தொடவில்லை.

“யோவுனியோட டயரை எடுத்துக்க” என்றார். “நாளைக்குக் காலையில ஓஸ்மோ கடை தொறந்ததும் ஏத்திடு. நானும் வரேன்.”

விர்வே ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். உனக்கு இதுதானே வேணும் என்பது மாதிரி. சிரித்தார் கூட.

நான் என்ன செய்தேன்? பன் எடுத்து வைத்தேன்.

விர்வே மேலே தூங்குகிறாள். என்ன வழி இருக்கிறது? திருட்டுப் போயிற்று என்று சொல்லலாமா? இந்த ஊரில் கொட்டகைக்குப் பூட்டே கிடையாது, திருடனும் கிடையாது. ஓஸ்மோ கண்டுபிடித்துவிடுவானா? ஓடாத டயர், மயிர் கூட உதிரவில்லை, வெய்யோ பாதுகாத்து வைத்தது. அவன் ஏன் சந்தேகப்படப் போகிறான்? அந்த மினுமினுப்பைப் பார்த்தாலும் துடைத்துவிட்டு ஏற்றிவிடுவான். அப்புறம் இவள் அதில் தினம் ஓடுவாள், பாலத்துக்கு மேலே, புது டயர் என்ற தைரியத்தில். அப்பா போட்ட டயர் என்ற தைரியத்தில்.

சொல்லாம இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. ஐயோ, அதுதானே பயமா இருக்கு.

மார்ச் 1

காலையில் ஓட்ஸ் கஞ்சி வைத்தேன். வெய்யோ முழுச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, சவரம் பண்ணி. விர்வே சாவியை எடுத்தாள்.

“அந்த டயரைப் போடாதே” என்றேன்.

“ஏம்மா? அப்பாவே குடுத்துட்டாரு.”

“கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன்.”

இரண்டு பேரும் புரியாமல் பார்த்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல வராது என்று. கொதிகலன், ரப்பர் நாற்றம், நகம், புதுப் பை, எல்லாவற்றையும். போன முதல் தேதி நான் திருப்பியதாகப் பொய் சொன்னேனே, அதையும். விர்வே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெய்யோ எழுந்து கொட்டகைக்குப் போனார். துணைக்குப் போன விர்வேயைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். சன்னல் வழியாகக் கொட்டகைக் கதவு மட்டும்தான் தெரிந்தது. கஞ்சி ஆறி ஏடு கட்டியது. வரமாட்டாரோ என்று இருந்தது. வந்தார். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

“நாலையுமா?”

“நாலையும்.”

“நான் ஆஸ்பத்திரியில இருந்தப்பவா?”

“ஆமா.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும், அடிக்கக் கூட அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். கல்யாணமான நாளிலிருந்து கை ஓங்காத மனுஷன். மேசையில் இரண்டு கையையும் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நீ அன்னிக்குச் சொன்ன” என்றார். “ஓஸ்மோ கடை ரெண்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும்னு சொன்ன. நான்தான் வேணாம்னேன். புதுசு தேஞ்சுடும்னு. டயர் தேஞ்சுடும்னு இர்யா… நான் பையனை…”

எருது முக்குவது மாதிரி ஒரு சத்தம். விர்வே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் இதற்காகத்தான் அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தபோது என் கைக்கு என்ன வந்தது? ஒன்றும் இல்லை. நேற்று இரவு சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தவள்தானே நான். எத்தனை நேரம் நினைத்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்காவது அந்தப் பாலம் உறைந்திருப்பது தெரியாது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் தள்ளிப் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு அவரே ஓஸ்மோவுக்குப் போன் போட்டார். சிவப்புக் காருக்கு ஆணி டயர், கடையில் இருப்பதிலேயே நல்லது, இன்றைக்கே, அதை மாட்டாமல் பெண்ணை வெளியே விடாதே என்று.

மார்ச் 2

ஒரே மேசையில் காப்பி குடித்தோம். என் கோப்பையையும் அவரே கழுவி வைத்தார்.

ஏப்ரல் 22

ஒன்பது மேலே. முற்றத்தில் பனி போய்விட்டது. கார் டயரை மாற்றிவிட்டு, அந்த நாலையும் வண்டியில் ஏற்றினார். “நீயும் வா” என்றார். ஓஸ்மோ கடைப் பின்பக்கம் கழிவு டயர் மலையாகக் கிடக்கிறது. நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன், கண்ணாடியை இறக்கிவிட்டு.

ஓஸ்மோ பையைப் பிரித்துவிட்டு ஒரு சீட்டி அடித்தான்.

“என்னய்யா இது, ஒரு ரவுண்டு கூட ஓடல. மயிரு கூட உதிரல. இதையா தூக்கிப் போடப்போற?”

“அமுக்கிப் பாரு.”

அமுக்கினான். திருப்பி அந்த மினுமினுப்பைப் பார்த்தான்.

“சூடு பட்டிருக்கே. எங்கய்யா வெச்ச?”

“பாய்லர் பக்கத்துல.”

“நீயா? ஊருக்கே பாடம் எடுக்கிற ஆளு, நீயா பாய்லர் பக்கத்துல வெச்ச?”

“வயசாகுதுல்ல” என்றார் வெய்யோ.

ஓஸ்மோ சிரித்தான். ஊர் முழுக்கச் சொல்வான், வருஷக்கணக்கில் சொல்வான். வெய்யோ நாலையும் தானே எடுத்துப் போட்டார். மொட்டையும் கிழிசலுமாகக் கிடந்ததில் அவை மட்டும் கன்னங்கரேலென்று பளபளத்தன. கடைசி டயரைப் போடும் முன் ஒரு மயிரைப் பிடுங்கி விரலில் உருட்டினார், பிறகு உதறிவிட்டார். வீடு வரும் வரைக்கும் என் மடியில் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாலத்தில் ஏறும்போது அவர் வேகத்தைக் குறைத்தார், காய்ந்த ரோடுதான், வெயில்தான்.

அக்டோபர் 7, சனி

ஒன்பது மேலே. நல்ல வெயில், பிர்ச் மரமெல்லாம் மஞ்சள். வெய்யோ காலையிலேயே விர்வேக்குப் போன் பண்ணி, காரை எடுத்துக்கொண்டு வா என்று வரவழைத்தார். அவள் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஜாக்கி போட்டுக் கோடை டயர் நாலையும் கழற்றி, ஆணி டயரை எடுத்து வைத்துவிட்டார்.

“அப்பா! இன்னும் இலையே கொட்டல. பாதிரியாரே இன்னும் மாட்டல.”

“அவர் மெதுவா மாட்டட்டும்.”

“நவம்பருக்கு முன்னாடி ஆணி டயர் கூடாதுன்னு போலீஸ் புடிச்சா?”

“எம் பேரைச் சொல்லு.”

“ஊரே சிரிக்கும்ப்பா. ஆணியெல்லாம் தார்லயே தேஞ்சு போயிடும்.”

வெய்யோ குனிந்தபடியே நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். இரைப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

“தேயட்டும்” என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினாள். காய்ந்த தாரில் கரகரவென்று, காது கூசுகிற சத்தம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நாங்கள் முற்றத்திலேயே நின்றோம். சத்தம் வளைவில் திரும்பி, மரத்துக்குப் பின்னால் போய், பாலத்துக்கு இறங்கியது. வெய்யோ கையில் ஸ்பானரோடு தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். நான் மூச்சு விடவில்லை.

டொக்.

டொக்.

“தாண்டிட்டா” என்றார்.

கழற்றிய டயர்களைக் குழாயடிக்கு உருட்டிக்கொண்டு போனார். நான் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.